தென் சிலுவையா, போலிச் சிலுவையா? தெற்கு வானில் ஏமாறாமல் பார்க்க ஒரு வழிகாட்டி

தெற்கு வானில் சிலுவை போலத் தெரிகிற விண்மீன் அமைப்பு ஒன்றல்ல, மூன்று. உண்மையான தென் சிலுவை ஒன்று. திரிசங்கு என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். அதற்கு மேற்கே போலிச் சிலுவை. இரண்டுக்கும் நடுவே, இன்னும் தாழ்வாக, வைரச் சிலுவை. புதிதாக வானம் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் பிடிப்பது போலியைத்தான். அது அளவில் பெரியது, நான்கு மூலையிலும் சமமான ஒளி கொண்டது. போதாக்குறைக்கு உண்மையான சிலுவையைவிட மூன்றரை மணி நேரம் முன்னதாகவே நேர் தெற்குக்கு வந்து நின்றுவிடுகிறது.

வடிவத்தை மட்டும் வைத்து விண்மீன் கூட்டத்தை அடையாளம் காண முயல்வதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். வானத்தில் எந்த நான்கு மீனைச் சேர்த்தாலும் ஒரு சிலுவை கிடைத்துவிடும். மணி என்ன, அளவு எவ்வளவு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள். வடிவமும் நிறமும் பிறகு வரட்டும்.

போவதற்கு முன்

தென் சிலுவை நம் ஊர்களில் அதிக உயரம் ஏறாது. அதன் அடிக்கால் மீனான அக்ரக்ஸ், உச்சத்தில் இருக்கும்போதே சென்னையில் அடிவானிலிருந்து 14 பாகை (டிகிரி) உயரத்தில்தான் நிற்கும். மதுரையில் 17, கன்னியாகுமரியில் 19, இலங்கையின் மாத்தறையில் 21 பாகை. 10 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று 40 மீட்டர் தூரத்தில் இருந்தாலே போதும், சென்னைக்காரருக்கு அக்ரக்ஸ் மறைந்துவிடும். ஆகவே தெற்குப் பக்கம் திறந்திருக்கும் இடம் வேண்டும். கடற்கரை என்றாலே சரி என்று கிளம்பிவிட வேண்டாம்: மெரினாவில் கடல் கிழக்கே இருக்கிறது, தெற்கே நகரத்தின் வெளிச்சம்தான். தனுஷ்கோடி, கன்னியாகுமரி, இலங்கையில் காலி, மாத்தறை போன்ற இடங்களில் தெற்கே கடல். உள்ளூரில் என்றால், ஊருக்குத் தெற்கு விளிம்பில் உள்ள ஏரிக்கரையோ மொட்டைமாடியோ பரவாயில்லை. ஊரின் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

அமாவாசைக்கு முன்பின் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது வேண்டும். இடையில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தால் அந்த இருபது நிமிடமும் வீண். டார்ச் தேவைப்பட்டால் கண்ணாடியின் மேல் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள். கோடை வெயிலில் தூசு மூடிக் கிடக்கும் அடிவானம், ஒரு மழை பெய்து வெளுத்த மறுநாள் தெளிவாக இருக்கும். அந்த இரவைத் தவறவிடாதீர்கள்.

அளவுகோல் உங்கள் கைதான். கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரல் நுனியின் அகலம் 1 பாகை, கட்டைவிரல் 2, நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5, மூடிய முஷ்டி 10 பாகை. குழந்தைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். கை சிறியதென்றால் அதன் நீளமும் குறைவு. முழங்கையை மடக்கிவிட்டால்தான் கணக்கு கெட்டுப்போகும்.

முதல் கேள்வி: மணி என்ன?

இரவு 9 மணிக்கு நீங்கள் தெற்கே பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பிப்ரவரி நடுவில் கண்ணில் படும் எந்தச் சிலுவையும் போலிதான். உண்மையானது இன்னும் உதிக்கவே இல்லை. மார்ச் நடுவிலும் ஏறத்தாழ அப்படியே. போலிச் சிலுவை நேர் தெற்கை நெருங்கிக்கொண்டிருக்கும். தென் சிலுவை அடிவான மங்கலில் அப்போதுதான் தலைதூக்கும். ஏப்ரல் நடுவில்தான் உண்மையான குழப்பம். தெற்குக்கு இடப்பக்கம், அதாவது தென்கிழக்கே, உண்மையானது, வலப்பக்கம் போலி. இரண்டும் ஒரே நேரத்தில் வானில் இருக்கும். மே நடுவில் 9 மணி தாண்டிச் சில நிமிடங்களில் தென் சிலுவை நேர் தெற்கே செங்குத்தாக நிற்கும். பழகுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஜூன் நடுவில் போலி மறைந்துவிட்டிருக்கும், உண்மையானது வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஜூலை நடுவில் அது தென்மேற்கே மறையப் போகிறது. ஆகஸ்டு முதல் பிப்ரவரி வரை, மாலை வானில் அதைத் தேடிப் பயனில்லை.

நாள் மாறினால் கணக்குப் போட ஒரே விதி: ஒரு நாளைக்கு 4 நிமிடம் முன்னதாக, ஒரு மாதத்துக்கு 2 மணி நேரம் முன்னதாக அதே காட்சி வரும். மே 1 அன்று 10.10, மே 15 அன்று 9.10, மே 31 அன்று 8.10 என்று உச்ச நேரத்தைத் தோராயமாகக் குறித்துக்கொள்ளலாம். விடியற்காலையில் எழுபவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. பொங்கலை ஒட்டி அதிகாலை 5 மணிக்குத் தெற்கே பாருங்கள், மே மாத இரவில் பார்க்கும் அதே காட்சி.

போலி ஏன் ஏமாற்றுகிறது

இங்கே ஒரு நுட்பம். போலிச் சிலுவை நேர் தெற்கில் இருக்கும்போது சிலுவையாகவே தெரியாது. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று, அடி சற்று அகன்ற ஒரு கட்டமாகத் தெரியும். அதன் நெடுங்கோடு அப்போது நன்றாகச் சாய்ந்து கிடக்கிறது. மேற்கே இறங்க இறங்க அது வலமாகச் சுழன்று நிமிர்கிறது. உண்மையான தென் சிலுவை உச்சத்தில் செங்குத்தாக நிற்கும் அதே நேரத்தில்தான், போலியும் தென்மேற்கே சுமார் 10 பாகை உயரத்தில் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். இரண்டு சிலுவை, இரண்டும் நிமிர்ந்தபடி. மரமோ கட்டடமோ இடப்பக்கத்தை மறைத்தால், வலப்பக்கம் நிற்பதைப் பார்த்து “கண்டுபிடித்துவிட்டேன்” என்று சொல்லிவிடுவார்கள்.

திசை காண இதைப் பயன்படுத்தினால் பிழை பெரிது. தென் சிலுவை செங்குத்தாக நிற்கும்போது அதன் தலையிலிருந்து அடி வழியாக நேராகக் கீழே கோடு இழுத்தால், அடிவானைத் தொடுமிடம் தெற்கு. நெடுங்கோட்டை நாலரை மடங்கு நீட்டினால், தெற்கு வானம் சுற்றிவரும் மையப்புள்ளியான தென் வான்துருவம் வரும். நமக்கு அது அடிவானுக்குக் கீழே. போலி நிமிர்ந்து நிற்கும்போது அதையே செய்தால் தெற்கிலிருந்து 25 பாகைக்கு மேல் மேற்கே தள்ளிப் போய்விடுவீர்கள்.

இரண்டாம் கேள்வி: அளவு

தென் சிலுவை சிறியது. வானத்தின் 88 விண்மீன் கூட்டங்களில் பரப்பளவில் மிகச் சிறியதே அதுதான். தலையிலிருந்து அடிவரை 6 பாகை, குறுக்கே 4 பாகைக்குக் கொஞ்சம் மேல். நீட்டிய கையின் நடு மூன்று விரல்களை நெடுக்காக வைத்தால் இரு முனையும் இரு பக்கம் லேசாக எட்டிப் பார்க்கும். போலிச் சிலுவையின் நெடுங்கோடு 9 பாகை, ஏறக்குறைய ஒரு முஷ்டி.

புதியவர்கள் எல்லோரும் தென் சிலுவையைப் பெரிதாக எதிர்பார்க்கிறார்கள். படங்களில் அது பக்கம் முழுக்க நிற்பதால் வந்த வினை. “இவ்வளவுதானா?” என்று தோன்றினால், அநேகமாகச் சரியானதைத்தான் பார்க்கிறீர்கள். அடிவானுக்கு அருகே எந்த உருவமும் பெரிதாகத் தோன்றும் மயக்கம் வேறு இருக்கிறது; கண் மதிப்பை விட்டுவிட்டு விரலை வைத்தே அளந்து பாருங்கள்.

பைனாகுலர் இருந்தால் இந்தச் சோதனை இன்னும் கறாராகும். பொதுவான 10×50 பைனாகுலரின் பார்வைப் பரப்பு சுமார் 6.5 பாகை. தென் சிலுவை அதற்குள் இழுத்துப் பிடித்தாற்போல் அடங்கும். போலி அடங்கவே அடங்காது.

மூன்றாம் கேள்வி: பக்கத்தில் யார்?

இதுதான் முடிவான சாட்சி. தென் சிலுவைக்குக் கிழக்கே, நாம் தெற்கு நோக்கி நிற்கும்போது இடப்பக்கத்தில், இரண்டு பளிச்சென்ற மீன்கள் உண்டு. அருகில் இருப்பது ஹாடர், தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி. இரண்டுக்கும் இடையே 4.4 பாகை, ஹாடருக்கும் சிலுவையின் இடக்கை மீனுக்கும் இடையே சுமார் ஒரு முஷ்டி. ஆல்ஃபா சென்டாரியிலிருந்து ஹாடர் வழியாகக் கோட்டை நீட்டினால் சிலுவையின் தலைப்பக்கம் போய்ச் சேரும். அதனால்தான் இவற்றைச் சுட்டி மீன்கள் என்கிறோம். போலிச் சிலுவைக்கு இப்படி ஒரு இணை இல்லை.

ஆனால் இந்தச் சோதனையிலும் இரண்டு இடத்தில் சறுக்கும். சுட்டி மீன்கள் சிலுவைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிந்தித்தான் உதிக்கின்றன. ஏப்ரல் நடுவில் 9 மணிக்குச் சிலுவை மேலே வந்திருந்தாலும், ஹாடர் ஆறேழு பாகை உயரத்தில்தான் இருக்கும். ஆல்ஃபா சென்டாரி அடிவானை ஒட்டி மங்கலில் தொலைந்திருக்கும். “சுட்டி மீன் இல்லை, ஆகவே போலி” என்று முடிவு கட்டாமல் ஒரு மணி நேரம் பொறுங்கள். அடுத்தது, அவசரத்தில் ஏதோ இரண்டு மீனைச் சுட்டியாக வைத்துக்கொள்வது. இரவு வானின் விண்மீன்களில் பொலிவில் மூன்றாவது இடம் ஆல்ஃபா சென்டாரிக்கு. ஹாடரும் சிலுவையின் எந்த மீனுக்கும் இளைத்ததல்ல. நீங்கள் சுட்டி என்று நினைப்பவை சிலுவை மீன்களைவிட மங்கலாக இருந்தால் அவை சுட்டி அல்ல.

ஆல்ஃபா சென்டாரிக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அது ஒற்றை மீனல்ல, இரட்டை என்பதை 1689இல் ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார் தொலைநோக்கியில் கண்டது புதுச்சேரியிலிருந்துதான். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வால்மீனை.

போலிக்கு அண்டை வீட்டார் வேறு. அதற்கு வலப்பக்கம், ஏறக்குறைய இரண்டு முஷ்டி தள்ளி அகத்திய நட்சத்திரம் தனியாக ஒளிர்கிறது. வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பொலிவு அதற்குத்தான், அடையாளம் தவறாது. மார்ச் மாத இரவில் அகத்தியரைப் பிடித்து இடப்பக்கம் நகர்ந்தால் முதலில் வரும் சிலுவை போலி. வலமிருந்து இடமாக வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: அகத்தியர், போலிச் சிலுவை, வைரச் சிலுவை, தென் சிலுவை, ஹாடர், ஆல்ஃபா சென்டாரி. எங்கே நுழைந்தாலும் இந்த வரிசை வழி காட்டிவிடும்.

தென் சிலுவைக்கு மேலிருந்தும் ஒரு பாதை உண்டு, எங்களுக்குப் பிடித்தது இதுதான். சித்திரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நாலு மூலை கொண்ட அஸ்தம் தெரியும். அது ஏறக்குறைய தென் சிலுவைக்கு நேர் மேலே, சுமார் நான்கு முஷ்டி உயரத்தில் இருக்கிறது. தெற்கு நோக்கி நின்று அதன் இடப்பக்க மீன்கள் இரண்டையும் இணைத்துக் கீழே இறங்கினால் சிலுவையில் போய் நிற்பீர்கள். அஸ்தம் தெற்கில் உச்சத்தில் இருந்தால் சிலுவையும் உச்சத்தில் இருக்கிறது என்று பொருள். தாழ்வானம் மேகத்தால் மூடியிருந்தாலும், காத்திருக்கலாமா வீட்டுக்குப் போகலாமா என்று அஸ்தத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

பொலிவும் ஐந்தாவது மீனும்

வானியலில் பொலிவெண் குறையக் குறைய ஒளி அதிகம். தென் சிலுவையில் அடியிலுள்ள அக்ரக்ஸ் 0.8, இடக்கை மிமோசா 1.3, தலை காக்ரக்ஸ் 1.6, வலக்கை மீன் மட்டும் 2.8. மூன்று பளிச், ஒன்று மங்கல். போலிச் சிலுவையில் நான்கும் 1.9க்கும் 2.5க்கும் இடையே இருப்பதால் ஏற்றத்தாழ்வு கண்ணில் உறைக்காது. நகர வானத்தில் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்கிறது: தென் சிலுவையின் வலக்கை முதலில் காணாமல் போய் ஒரு முக்கோணம் மட்டும் மிஞ்சும்.

ஐந்தாவது மீன் பற்றி எல்லாப் புத்தகத்திலும் சொல்வார்கள். வலக்கைக்கும் அடிக்கும் நடுவே ஒரு சிறிய மீன் இருந்தால் அது உண்மையான சிலுவை என்பது சரிதான். ஆனால் அதன் பொலிவெண் 3.6. 15 பாகை உயரத்தில் காற்று ஏறக்குறைய ஒரு பொலிவெண் அளவுக்கு ஒளியைத் தின்றுவிடும். ஆகவே அது தெரிந்தால் உறுதி; தெரியாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆஸ்திரேலியாவின் கொடியில் இந்த ஐந்தாவது மீன் உண்டு, நியூசிலாந்தின் கொடியில் அதை விட்டுவிட்டார்கள். சென்னை மொட்டைமாடியில் கிடைப்பது நியூசிலாந்துச் சிலுவைதான்.

நிறத்தைக் கடைசியில் வையுங்கள். காக்ரக்ஸ் செந்நிறம், மற்ற பெரிய மீன்கள் நீலவெண்மை. போலியிலும் அவியோர் என்ற மீன் செம்மஞ்சளாக இருக்கிறது. அது நெடுங்கோட்டின் அடியில். அதாவது சிவப்பு தலையில் என்றால் உண்மை, காலில் என்றால் போலி. ஆனால் 10 பாகைக்குக் கீழே எல்லா மீனும் சிவந்தே தெரியும் என்பதால், அங்கே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

வைரச் சிலுவை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அதன் மிகப் பொலிவான மீன் சென்னையில் உச்சத்தில்கூட 7 பாகையைத் தாண்டாது, மற்ற மூன்றும் மங்கல். கன்னியாகுமரியிலோ தென்னிலங்கையிலோ கடலைப் பார்த்து நிற்பவர்களுக்குத்தான் அது எதிர்ப்படும். சாய்சதுரமாக இருக்கும், சுட்டி மீன்களும் கிடையாது.

வேறு சில இரட்டையர்கள்

கார்த்திகையைச் சிறு கரடி என்று நினைப்பது பரவலான தவறு. கார்த்திகைக் கொத்தும் ஒரு குட்டிக் கரண்டி போலத்தான் இருக்கிறது. கட்டைவிரலை நீட்டி மறைத்துப் பாருங்கள். மறைந்துவிட்டால் கார்த்திகை. சிறு கரடிக்குத் துருவ மீனிலிருந்து கரண்டியின் விளிம்பு வரை 16 பாகைக்கு மேல் வேண்டும். கார்த்திகை தலைக்கு மேலே போகும்; துருவ மீன் வடக்கே, உங்கள் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை உயரத்தில் அசையாமல் நிற்கும்: மதுரையில் 10, சென்னையில் 13. சிறு கரடி, மாலை வானைப் பொறுத்தவரை, மே முதல் ஜூலை வரை நன்றாக உயர்ந்து நிற்கும்.

புனர்பூசத்தின் இரட்டை மீன்களும் ஹாடர், ஆல்ஃபா சென்டாரி இணையும் இடைவெளியில் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். புனர்பூசம் வடக்குச் சாய்வாக உயரத்தில் போகும் என்பதால் திசை தெரிந்தவருக்குக் குழப்பமில்லை.

சிவந்த மீன்கள் வேறு கதை. திருவாதிரை, ரோகிணி, கேட்டை மூன்றும் சிவப்பு, செவ்வாயும் சிவப்பு. மிருகவேடன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களைக் கோடாக நீட்டினால் ஒரு பக்கம் சிரியஸ், மறுபக்கம் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகை. அந்தக் கோட்டில் சேராமல் வேடனின் கிழக்குத் தோளில் நிற்பது திருவாதிரை. கேட்டைக்கு இருபுறமும் ஒவ்வொரு மங்கலான மீன் காவல் நிற்கும். திருவாதிரை மேற்கே இறங்கும் நேரத்தில்தான் கேட்டை கிழக்கே தலைகாட்டும் என்பதால் அவை இரண்டையும் ஒரே நேரத்தில் குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு. பொலிவை அடையாளமாக வைக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் திருவாதிரை 1.6 பொலிவெண் வரை மங்கி, பார்த்துப் பழகியவர்களையே திகைக்க வைத்தது.

செவ்வாய் ரோகிணிக்கும் கேட்டைக்கும் அருகே வரும். திருவாதிரை கோள்களின் பாதையிலிருந்து 16 பாகை தள்ளி இருப்பதால் அதன் பக்கத்தில் வராது. மின்னுகிறதா என்று பார்த்து முடிவு செய்யச் சொல்வார்கள், ஆனால் அடிவானுக்கு அருகே கோளும் மின்னும். நம்பகமான வழி, ஒரு தாளில் அந்தச் சிவப்புப் புள்ளியையும் பக்கத்தில் உள்ள மூன்று மீன்களையும் குறித்து, தேதி போட்டு, ஒரு வாரம் கழித்து அதே தாளை எடுத்துச் சென்று ஒப்பிடுவது. இடம் மாறியிருந்தால் செவ்வாய். மாறாவிட்டால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள், ஏனெனில் செவ்வாய் முன்னோக்கிப் போவதிலிருந்து பின்னோக்கித் திரும்பும் நாட்களில் சில தினங்கள் நகராததுபோல் தெரியும்.